நாலு பல்சக்கரங்கள்

இன்று காலை அப்பாவின் பழைய லேத்தைத் துடைத்தேன். துருவில் மண்ணெண்ணெய் பட்டதும் எங்கள் அம்பத்தூர் ஷெட்டின் வாசம் வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து வாங்கிய லேத் அது. இரும்பைச் சீவும்போது நீலமாகச் சுருள் விழும். சித்தப்பா அதை ஊதி ஆறவைத்து என் கையில் வைப்பார். "புடிச்சு இழுக்காத, அறுத்துடும்" என்பார்.

ஒருநாள் அண்ணன் தம்பிக்குள் சண்டை. சித்தப்பா லேத்திலிருந்து நாலு பல்சக்கரங்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"இது இல்லாம போல்ட்டுக்கு மரை வெட்டு, பாக்கலாம். வேணும்னா என் ஊட்டாண்ட வந்து கேளு, அண்ணாத்தே."

"நீயே தூக்கிகினு வருவே, போடா" என்றார் அப்பா.

சித்தப்பா வரவில்லை. அப்பாவும் சாகும்வரை போய்க் கேட்கவில்லை. லேத் அப்படியே நின்றுவிட்டது.

நேற்று அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பல்சக்கரம் வெட்டுகிறவரிடம் விசாரித்தேன்.

"இன்னா நைனா, நாலுதானே? ரெண்டு நாள்ல புச்சா வெட்டித் தரேன்" என்றார்.

வேண்டாம் என்று வந்துவிட்டேன். வீட்டில் இப்போது நான் ஒருவன்தான். சித்தப்பா இன்னும் குமணன்சாவடியில் இருக்கிறார். புதுசு வெட்டிவிட்டால், அவர் கதவைத் தட்டி நான் என்னவென்று கேட்பது?