கறியும் கருவாடும்

ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலத்து ஞாயிறன்று மருமகள் ஒரே தட்டில் கறியும் கருவாடும் வைத்தாள். இப்போது அதில் பாவமில்லையாம். இரண்டு வாசனையும் சேர்ந்து வந்ததும் என் கண் வாசலுக்குப் போனது.

கோலார் தங்கச் சுரங்கத்து தொழிலாளர் லைன் வீட்டில் அப்போது நான் சிறுமி. தபசுகாலத்தில் ஞாயிறு மட்டும் ஒரு வேளை உண்ணும் ஒருசந்தி நோன்பு கிடையாது, கறி தின்னலாம். ஆனால் கறியும் மீனும் ஒரே வேளையில் கூடாது.

அன்று கறி கொதிக்கையில் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா கருவாட்டுக் குழம்போடு வாசலில் வந்து நின்றாள். சுரங்கத்தில் பாறை சரிந்தபோது அப்பாவை வெளியே இழுத்துப் போட்டவர் அவள் புருஷன்.

"நோம்பாச்சே, கறி ஆக்க மாட்டீங்கன்னு கொண்டாந்தேன். ஒரு வாய் சாப்புடுங்கண்ணே, பாத்துட்டுப் போறேன்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். சட்டியின் மூடி தடதடத்தது.

"இன்னா வாசனை அது?" தான் கொண்டுவந்தது வீணோ என்று கன்னியம்மாவின் முகம் சுருங்கியது.

அப்பா கருவாட்டை வாங்கி ஒரு வாய் தின்றார். பிறகு கறிச்சட்டியைத் துணியால் பிடித்து இறக்கி அவளிடம் நீட்டினார்.

"ரெண்டுல ஒண்ணுதாம்மா எங்களுக்கு. இது உங்க வூட்டுக்கு."

அந்தக் கறிக்காக வாரமெல்லாம் காத்திருந்த என்னை அம்மா ஒரு முறைப்பில் அடக்கினாள்.

"சாப்புடுங்க அத்தே," என்றாள் மருமகள்.

"கறிய எடுத்துடும்மா," என்றேன். "அது பக்கத்து வூட்டுது."