செத்தவீட்டுக் குரல்

ஒரு குரல் யாருக்குச் சொந்தம்? பேசுகிறவருக்கா, கேட்கிறவருக்கா? குருநகர் யசிந்தாவின் வாழ்க்கை கேட்டது இதைத்தான். அவளோ அதைக் கேள்வியாக எடுக்கவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால், ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராக அறிவிப்பார்கள். பல வருடங்களாக அந்த அறிவித்தல்களில் பாதிக்கு அவள் குரல்தான். இறந்தவரின் பெயருக்குப் பிறகு ஒரு நிறுத்தம். பிறகு உறவுகள் ஒவ்வொன்றாக. அந்தக் குரல் ஒழுங்கைக்குள் நுழைந்தால் அடுப்பைத் தணித்துவிட்டுப் படலை வாசலுக்கு வருவார்கள்.

அந்தக் குரலின் தெளிவைக் கேட்டுத்தான் லியோன் அவளைக் கூப்பிட்டான். தன் வீட்டு அறையொன்றில் ஒலிப்புத்தகங்கள் பதிவு செய்கிறவன். ஒரு காதல் தொடர், ஒரு விண்வெளித் தொடர். இரண்டையும் அவளே வாசித்தாள். காதல் தொடரில்தான் அவளுக்கு உயிர். சந்தோசமான ஒரு வசனத்தை ஒலிவாங்கிக்குள் சொல்லும்படி அதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை.

முதல் பாகம் வெளியானதும் கேட்டவர்கள் எழுதத் தொடங்கினார்கள். "அவன் 'உன்னை விரும்புறன்' எண்டு சொல்லேக்கை, பூதவுடல் எத்தினை மணிக்கு எடுக்கினம் எண்டு சொல்லப்போறா எண்டு காத்துக்கொண்டிருந்தன்" என்றார் கோப்பாய்க்காரர் ஒருவர். அதற்குக் கீழே சிரிப்புப் படங்கள் குவிந்தன. விண்வெளித் தொடருக்குப் பாராட்டு: கிரகம் அழியும் இடம் அபாரம், அக்காவுக்கு அழிவுதான் பொருத்தம். அந்தப் பாராட்டு கேலியை விட ஆழமாகச் சுட்டது.

அடுத்த பாகத்தில் குரலை இனிப்பாக்கிப் பார்த்தாள். அது பிழை, தைலம் பூசிய மாதிரி வழுக்கியது. உண்மையில் அவள் வாசிப்பு அப்படியொன்றும் பிரமாதமில்லை, உரையாடல்களில் அவசரப்படுவாள். ஆனால் அதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

காதல் தொடரின் கடைசிப் பாகத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கப்போவதாக லியோன் சொன்னான். விண்வெளி அவளுக்கே இருக்கட்டுமாம்.

"தங்கடை வீட்டுச் சாவைச் சொல்ல நான் வேணும். கலியாணத்தைச் சொல்ல நான் வேண்டாம். அப்பிடித்தானே?"

"நான் சொல்லேல்லை அக்கா. ஆக்கள் சொல்லினம்."

"ஆக்கள் கிடக்கட்டும். நீ முதல் பாகத்தை முழுக்கக் கேட்டனியோ?"

அவன் திரையைப் பார்த்தான். இருமல், மூச்சு எல்லாம் வெட்டியிருக்கிறான், கருத்துகளை வாசித்திருக்கிறான். கதையைக் கேட்கவில்லை.

"கேளாமலே தீர்ப்புச் சொல்லுறாய். உனக்கும் அவைக்கும் என்ன வித்தியாசம்?" என்றவள் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனாள்.

அடுத்த கிழமை லியோன் குருநகருக்கு வந்தான். முழுக்கக் கேட்டதாகச் சொன்னான். நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்லவில்லை. "கடைசியையும் நீங்களே வாசியுங்கோ அக்கா" என்றான்.

அவள் போனாள். இனிப்பு எதுவும் சேர்க்காமல், ஓட்டோவில் கேட்கும் அதே குரலில், காதலர்களின் கலியாணம் வரைக்கும் வாசித்து முடித்தாள். வழக்கம்போல் இறுதியில் வாசித்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். லியோன் கையைக் காட்டினான். யசிந்தா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"பேர் வேண்டாம்."

"ஏன் அக்கா? இவ்வளவு சண்டை பிடிச்சது..."

"ஓட்டோவிலை ஒருநாளும் என்ரை பேரைச் சொன்னதில்லை, ஆக்களுக்குக் குரல் போதும்" என்றவள் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். அந்தப் பாகம் வாசித்தவர் பெயரில்லாமலே வெளியானது.