கண்ணாடி அறுக்கிற வைரம்

இதை நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் கண்ணாடி ஜன்னலை எங்கே பார்த்தாலும் நினைவு வந்து தொலைக்கிறது.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். குன்னூரில் தோட்டத்துத் துரைமார் பங்களாக்களுக்கு ஜன்னல் கண்ணாடி அறுத்துப் போடுகிறவர். காதில் பென்சில், கையில் ஒரு மரப்பிடி. பிடியின் நுனியில் கடுகில் பாதி அளவுக்கு வைரம். "ஒலகத்துல இதவிடக் கெட்டி ஒண்ணு கெடையாதுங்க. இதுக்கு ஒண்ணுமே ஆகாது" என்று கேட்காதவர்களிடமும் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

எனக்கு எட்டு வயது. ஆலங்கட்டி மழையில் உடைந்த பங்களா ஜன்னல்களைச் சரிசெய்யப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். இரண்டு கண்ணாடி அறுத்துவிட்டு பட்லரோடு டீ குடிக்கப் போனார். அதுதான் சமயமென்று வைரத்தை எடுத்து ஒரு வெங்கச்சங்கல்லில் கீறினேன். அந்த வெள்ளைக் கல்லில் பளிச்சென்று கோடு விழுந்தது. அட! அப்படியென்றால் அடித்தாலும் தாங்கும்தானே? நுனியைக் கல்லில் வைத்து, பிடியின் தலையில் சுத்தியலால் ஒரு போடு போட்டேன். ஏதோ பொடி மின்னியது. கல்தான் பொடிந்தது என்று ஊதிவிட்டேன்.

அத்தா வந்து கோடு இழுத்தார். வழக்கமான மெல்லிய கீச்சொலி வரவில்லை, கரகரவென்றது. கண்ணாடி கோணலாக உடைந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதும். வைரத்தின் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. குளிரில் லேசாக நடுங்கும் தன் வலது கையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னைக்கு உடுங்க பாய். நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் பட்லர்.

அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. அத்தா தன் அண்ணனின் உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை தைக்க உட்கார்ந்துவிட்டார்.

அவர் மௌத்தாகி மண்ணுக்குள் போன மறுவருஷம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னார். வைரமும் பென்சில் முனையும் ஒரே கரிதானாம். பென்சிலில் கரியணுக்கள் தட்டுத்தட்டாகக் கிடக்கின்றன. தேய்த்தால் வழுக்கிக்கொண்டு வந்து தாளில் ஒட்டும். வைரத்தில் ஒவ்வொரு அணுவும் சுற்றியுள்ள நான்கை இறுகப் பிடித்திருக்கிறது. அதனால் அதைக் கீறுவது கஷ்டம். ஆனால் அந்தப் பிடி வளைந்துகொடுக்காது; வாகான பக்கத்தில் ஓர் அடி விழுந்தால் பிளந்துவிடும். நான் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். பாவி நான், அவர் கைக்கு ஒன்றுமே ஆகியிருக்கவில்லை.

அன்று பங்களாவிலிருந்து இறங்கும்போது அந்தப் பிடியை என்னிடமே கொடுத்துவிட்டார்.

"நீயே வெச்சுக்க கண்ணு. இது நல்லாத்தான் இருக்குது. என்ற கைதான் போச்சு."

எனக்கு ஒரே சந்தோஷம். வழியெல்லாம் கற்களில் கீறிக்கொண்டே வந்தேன். கோடு விழத்தான் செய்தது. அத்தா வலது கையைக் கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார். குளிர் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.