ஏறிய எண்

மீட்டர்காரர் என்றால் ஏழெட்டுத் தெருவுக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எண் எழுதியவர். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் மாமியார் கடிப்பாள் என்பதெல்லாம் மனப்பாடம். கேலி பேசாமல் ஒரு வாசலைத் தாண்டமாட்டார். நோய் முதலில் பிடித்தது அந்த வாயைத்தான். நாக்கு தடித்தது. பிறகு விரல்கள் பேனாவைக் கைவிட்டன. தசைகளை ஆட்டுவிக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற நோய்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். நரம்பு சிதையச் சிதைய அதிலிருந்து ஒரு புரதம் ரத்தத்தில் கசியுமாம்; அதை அளந்தால் நோயின் வேகம் தெரியுமாம். போன தடவை நாற்பத்தெட்டு. இந்தத் தடவை எழுபத்தொன்பது.

மனைவி மருந்து வாங்கப் போயிருந்தபோது டாக்டர் சொன்னார். "வேகமா போகுது. மூச்சு நல்லா இருக்கும்போதே வயித்துல சாப்பாட்டுக் குழாய் வச்சாகணும். வீட்ல நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

தானே சொல்வதாக அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பாழாய்ப்போன வீம்பு. மனைவி திரும்பி வந்ததும், வியாழக்கிழமை குழாய் வைக்க வரச்சொல்லி நர்ஸ் அவளிடம் ஒரு சீட்டு மட்டும் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ரிப்போர்ட்டைப் பிரித்தாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ரத்தசோகை. எண் ஏறினால் நல்லது, இறங்கினால் மாத்திரை. அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். முகம் மலர்ந்துபோய் அண்ணனுக்கு போன் போட்டாள்.

"அண்ணா, அவருக்கு ஏறியிருக்கு. வியாழக்கிழமை குழாய் வேண்டாம்னு சொல்லிடப்போறேன். நானே ஊட்டித் தேத்திடுவேன்."

"இல்ல" என்றார் அவர். முனகல்தான் வந்தது.

"கேட்டீங்களாண்ணா, அவருக்கே சந்தோஷம் தாங்கல."

அண்ணனிடம் பேசி முடித்து ஆஸ்பத்திரிக்குப் போட்டாள். மறுமுனையில் மணி அடித்தது. அவர் சுவரைப் பிடித்து எழுந்து, காலை இழுத்து இழுத்து வாசல் பக்கம் போனார்.

"எங்க போறீங்க, விழுந்துடப்போறீங்க" என்று போனோடு பின்னாலேயே ஓடினாள்.

முழங்கையால் மீட்டர் பெட்டியை இடித்தார். அவள் கையிலிருந்த ரிப்போர்ட்டை இடித்தார். மறுபடி மீட்டர். மறுபடி ரிப்போர்ட்.

மீட்டர் ஏறினால் என்னவென்று மீட்டர்காரர் பெண்டாட்டிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"ஏறினா..." என்றாள். "அவ்வளவும் தீர்ந்துபோச்சுன்னு அர்த்தமா?"

அவர் தலையாட்டினார். கண்ணீரைத் துடைக்க அவருக்குக் கை எழவில்லை. அவள் துடைத்துவிட்டாள்.

போனில் யாரோ, "சொல்லுங்கம்மா" என்றார்கள்.

"வியாழக்கிழமை குழாய் வைக்க வரச்சொன்னீங்க" என்றாள் அவள். "இன்னும் முன்னாடியே முடியுமா?"