வாழைக்குற்றியில் போட்ட தையல்

இன்று வவுனியாவில் தாதியருக்கு ஒரு பயிற்சி. சுவரில் "கற்றலில் புதுமை" என்று பெரிய பதாகை.

பயிற்றுநர் தம்பி ஒரு றப்பர்த் தோலை மேசையில் வைத்தார். ஊசி குத்தினால் சிவப்புத் தண்ணீர் கசியும். வெளிநாட்டிலிருந்து வந்ததாம். எல்லாரும் படம் எடுத்தோம்.

நான் காயத்துக்குத் தையல் போடப் பழகியது தொண்ணூறுகளின் கடைசியில், வன்னிக்குள். யுத்தத் தடையால் மருந்தே வராத காலம். பழக நூல் ஏது? கூடப் பழகிய முல்லைத்தீவு மரியா, வீட்டில் மீன்வலை பொத்துகிற தங்கூசி நைலோன் நூலைக் கொண்டுவந்தாள். எங்களுக்குப் பழக்கிய டொக்டர் ஒரு வாழைக்குற்றியைக் கத்தியால் கீறிவிட்டார்.

"இதுதான் நோயாளி. பயப்பிடாமல் தையுங்கோ. பிழைச்சாலும் இது கத்தாது."

சிரித்தோம்.

ஒரு மாதம் பழக்குவதாக ஏற்பாடு. முதல் வாரமே ஷெல் விழுந்தது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் காயக்காரரைக் கிடத்தியிருந்தார்கள். நோவு தெரியாமல் இருக்கப் போடும் விறைப்பூசி முடிந்துபோயிற்று. டொக்டர் ஊசியை என் கையில் தந்து, "தையும் பிள்ளை" என்றார்.

சின்னப் பெண்பிள்ளை. தொடையில் காயம். தாய் அவளை அமத்திப் பிடித்திருந்தாள்.

பிள்ளை கத்தினாள். நான் தைத்தேன்.

இன்று பயிற்சி முடிய அந்தத் தம்பி கேட்டார்: "அக்கா, இது இன்னும் உண்மை மாதிரி இருக்க என்ன செய்யலாம்? புதுசா ஒரு யோசனை சொல்லுங்கோ."

"ஒண்டும் வேண்டாம் தம்பி. இது கத்தாது. அப்பிடியே இருக்கட்டும்."

அவர் முகத்தைப் பார்த்தால், இதில் புதுமை ஒன்றுமில்லை என்று நினைத்தது போலிருந்தது. உங்களிடம் நல்ல யோசனை இருந்தால் கீழே எழுதுங்கள், அந்தத் தம்பிக்கு அனுப்பிவிடுகிறேன்.