செல்லக்கனியின் பித்தளைக் குடம்

பேசும்போதும் செல்லக்கனியின் கை நிற்காது. மரச் சில்லை மடக்கிப் பசை தடவி நீலத் தாளைச் சுற்றுவாள். தீப்பெட்டி ஒன்று முதுகுக்குப் பின்னால் போய் விழும். 1956இல், சிவகாசியில் அவள் வீட்டுக்கு நான் கட்டு மாற்றப் போய்வந்தேன். லோடு ஏற்றும்போது மூட்டை சரிந்து, அவள் கணவர் சங்கரலிங்கத்துக்குக் கால் முறிந்திருந்தது.

மகள் வள்ளித்தாய்க்குப் பதினைந்து வயது. அவள் பெட்டி ஒட்டும் கூலியில் பாதியை அவளிடமே விட்டிருந்தாள் செல்லக்கனி.

"கையில துட்டு இருந்தாத்தான் புத்தி வரும், நர்சம்மா. அடகு இல்லாம யாருக்கும் குடுக்காதேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

கால் முறிந்த வாரம், பிறந்த வீட்டுப் பித்தளைக் குடத்தை எதிர்வீட்டுப் பஞ்சம்மாளிடம் அடகு வைத்துப் பன்னிரண்டு ரூபாய் வாங்கினாள். ரூபாய்க்கு மாதம் ஓரணா வட்டி. மூன்று மாதத்தில் மீட்காவிட்டால் குடம் போய்விடும். மகளிடம் இதைச் சொல்லவில்லை; நசுங்கலைத் தட்டி ஒடுக்கெடுக்கக் கொடுத்திருப்பதாகச் சொல்லிவைத்தாள்.

கெடுவுக்கு முந்தின நாள் நான் கட்டுப் போடப் பழைய துணி கேட்டேன். செல்லக்கனி மகளின் மரப்பெட்டிக்குப் பின்னால் கைவிட்டாள். சாக்கில் சுற்றிய குடம் வந்தது. பக்கத்தில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த வள்ளித்தாயைப் பார்த்தாள்.

"ஏட்டி, பஞ்சம்மா வீட்டுல களவாண்டியா?"

"அவுக வட்டிக்கு விட்டது நான் குடுத்து வச்ச துட்டு. யாருக்குன்னு அப்பச் சொல்லல. இன்னைக்குச் சாத்தூர் போறாகன்னு அடகை எங்கிட்டக் குடுத்துட்டாக. நீ ஒடுக்கெடுக்கக் குடுத்திருக்கேன்னுதானே சொன்ன?"

"பெத்தவகிட்ட வட்டியா? சும்மா குடுத்துரு."

"உனக்குச் சும்மா குடுத்தா, நாளைக்குத் தெருவே சும்மா கேக்கும். நீதானே சொன்ன. நாளைக்குக் கெடு."

கட்டிலில் கிடந்த சங்கரலிங்கம் சிரித்தார். "என் காலு மேல வட்டி ஏறுது, பாத்துக்க."

செல்லக்கனி என் பக்கம் திரும்பினாள்.

"நர்சம்மா, இவள அடிக்கவா, மெச்சவா?"

"காலைப் பத்திக் கேளு, சொல்றேன்" என்றேன். எனக்கும் விளங்கவில்லை. பிள்ளையிடம் கல்நெஞ்சும் தெரியவில்லை, தப்பும் தெரியவில்லை. செல்லக்கனி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கிண்ணத்தில் பசை ஆடை கட்டியது.

மறுநாள் காலையில் நான் போனபோது, செல்லக்கனி மூன்று மாத வட்டி இரண்டேகால் ரூபாயை மகள் கையில் எண்ணி வைத்துக்கொண்டிருந்தாள். அசலுக்கு இன்னும் மூன்று மாதம் தவணை கேட்டாள். வள்ளித்தாய் கொஞ்சம் யோசித்துத் தலையாட்டினாள். செல்லக்கனி குடத்தைச் சாக்கில் சுற்றி மகளின் பெட்டிக்குப் பின்னால் வைத்தாள். பிறகு மண்குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.