அத்தையின் இரண்டு போட்டோக்கள்

துறைமுகத்தில் வேலை பார்த்த சித்தப்பா, கப்பல்காரன் ஒருவனிடம் பழைய கேமரா ஒன்றை வாங்கி வந்தார். அதில் வெளிச்சம் நுழையும் துளையை நாமே திருப்பி வைக்க வேண்டும். எண் சிறிதானால் துளை பெரிதாகும் என்ற தலைகீழ் விஷயம் சித்தப்பாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பத்து வயதில் எனக்குப் பிடிபட்டது. பிலிம் இல்லாத நாட்களில் பின்மூடியைத் திறந்து, துளை விரிவதையும் சுருங்குவதையும் பார்த்தே கற்றுக்கொண்டேன். சித்தப்பா என்னைத் திருப்ப வைத்துவிட்டு, எடுத்தது தான்தான் என்று ராயபுரம் முழுக்கச் சொல்லிக்கொள்வார்.

அந்த வருடம் அவர் தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, வரன் வந்தது. காலடிப்பேட்டை மாப்பிள்ளை வீட்டார் போட்டோ கேட்டார்கள். மொட்டை மாடியில், காலை வெயிலில் அத்தையை நிறுத்தி, துளையைப் பதினொன்றாம் எண்ணில் வைத்து எடுத்தேன். புடவைக் கட்டங்கள், அத்தையின் முறைப்பு எல்லாம் அப்படியே விழுந்திருந்தன. சித்தப்பா என் தலையில் குட்டினார்.

"இன்னாடி எடுத்துகீற? கரிக்கட்ட மாரி கீறா. இத்தப் பாத்தா எவன் கட்டுவான்?"

அத்தை அடுப்படியில்தான் இருந்தாள்.

மறுநாள் அதே வெயிலில் துளையை முழுக்கத் திறக்கச் சொன்னார். எல்லாம் வெளுத்துவிடும் என்றேன். அதுதான் வேண்டும் என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினேன். அத்தையின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வந்தது, மூக்கே காணோம். அதைத்தான் அனுப்பினார்.

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா அந்தப் போட்டோவைக் கையிலேயே வைத்திருந்தாள். காப்பி கொண்டுவந்த அத்தையைப் பார்த்தாள், போட்டோவைப் பார்த்தாள்.

"இதுல கீற பொண்ணு உள்ள கீறாளா?"

சித்தப்பா சிரித்தார். "இவதாம்மா அது. எங்கண்ணன் கொயந்த தப்பா திருப்பிட்டா, அதான் வெளுத்துப் பூடுச்சி."

நான் உள்ளே ஓடி, டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த முதல் படத்தை எடுத்துவந்து அந்த அம்மாளின் மடியில் போட்டேன்.

"நான் சரியாத்தான் எடுத்தேன். இத்தப் பாருங்க."

பார்த்தாள். மகனிடமும் காட்டினாள். இருவரும் நிமிர்ந்து அத்தையை ஒருமுறை பார்த்தார்கள். படத்தைக் கீழே வைத்துவிட்டு, காப்பியைத் தொடாமலே கிளம்பிப் போனார்கள்.

சித்தப்பா அடிப்பார் என்று தெரியும், அடித்தார். அத்தை என் பக்கம் நிற்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் படத்தை என் கையில் திணித்து, "உன்ன யாரு கேட்டா?" என்றாள். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பொய் சொன்னவரை விட்டுவிட்டு என்மேல் கோபப்படுகிறாளே என்று நானும் அவளை முறைத்துக்கொண்டே திரிந்தேன். என்மேல் விழுந்த பழியைத் துடைக்க நான் எடுத்து நீட்டியது அவளுடைய முகத்தை என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.